பந்து பிடிக்காத பெடியங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடிய ஃபுட்போல் லீக்கின் கிரே கப் இறுதியாட்டம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பந்தை எறிந்தவர், பிடித்தவர், கொண்டு ஓடினவர், உதைத்தவர் எல்லாருடைய பெயரும் இருந்தது. ஒஃபென்சிவ் லைனில், அதாவது பந்து வைத்திருக்கிறவரைக் காக்கிற முன்வரிசையில், நின்ற ஐந்து பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை. 'முன்வரிசைத் தடியர்கள்' என்று ஒரே சொல்லில் ஐந்து பேரையும் முடித்துவிட்டீர்கள். அந்தச் சொல் தான் என்னை எழுத வைத்தது.

சஸ்காட்சுவன் மாகாணத்து ரெஜைனாவில் 27 வருடமாக இருக்கிறேன். என் மகன் பள்ளிக்கூடத்திலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் அந்த வரிசையில் இடது கார்ட், நடுவில் நிற்பவருக்கு இடப்பக்கம் நிற்பவன். அதற்கு மேலே போகவில்லை. அவன் ஆடின காலம் முழுக்க என் கண் அவன் மேலேயே இருந்ததால், பந்து எங்கே போகிறது என்று பார்க்க எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. இன்றைக்கும் ஆட்டத்தை அப்படித்தான் பார்க்கிறேன். 50 முதல் 69 வரை எண் போட்ட பெடியங்களைத் தேடுவேன். அந்த எண்காரர் எறிந்த பந்தைப் பிடிக்கக் கூடாது என்பது விதி.

கனடிய ஆட்டத்தில் எதிரணி வரிசை பந்திலிருந்து ஒரு யார் (மூன்று அடி) தள்ளித்தான் நிற்க வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி நிற்பார்கள். ஒரு யார்தானே என்று நினைக்காதீர்கள். 280 இறாத்தல் ஆள் அந்த ஒரு யாரில் வேகம் எடுத்து வந்து மோதுவான். அவனுக்கு முன்னால் எங்கட பெடியன் பின்பக்கமாகக் காலெடுத்து வைத்தபடி அவனை மறிக்க வேண்டும். பந்து நகர முந்தி அசைந்தால் 5 யார் தண்டனை, சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 யார். 10 யார் முன்னேற இங்கே முயற்சியும் மூன்றுதான் என்பதால், தண்டனையில் ஒரு 10 யார் போனால் அநேகமாகப் பந்தும் போச்சு. ஒலிபெருக்கியில் அவனுடைய எண்ணை அப்போதுதான் சொல்வார்கள்.

மகனுடைய இடது மோதிர விரல் நடுமூட்டில் வீங்கியபடியே நின்றுவிட்டது. ஆட்டம் முடிந்து வரும் இரவுகளில் இரண்டு விரலைச் சேர்த்து ஒட்டியிருப்பான், சோறு குழைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிடுவான். கல்யாணப் பதிவன்று மோதிரம் அந்த மூட்டைத் தாண்டவில்லை. மருமகள் சிரித்துக்கொண்டே அதைச் சங்கிலியில் கோர்த்து அவன் கழுத்தில் போட்டுவிட்டாள்.

சரி, தடியர்கள் கதைக்கு வருவோம். எங்கள் ரஃப்ரைடர்ஸ் அணியில் ஜீன் மக்கோவ்ஸ்கி 1995இலிருந்து 2011 வரை 17 பருவம் ஆடினார், அணி மாறவே இல்லை. 2004, 2005 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த லைன்மன் (முன்வரிசை வீரர்) அவர்தான். பழைய டெய்லர் ஃபீல்ட் மைதான வாங்கில் கம்பளி சுற்றிக்கொண்டு மகன் பார்த்துப் படித்தது இவரைத்தான். 2011 நவம்பரில் மாகாண சட்டமன்றத்துக்குத் தெரிவாகி, பிறகு அமைச்சராகவும் இருந்தார். ஹமில்டன் அணியின் கார்ட் பீட்டர் டயக்கோவ்ஸ்கி 2012இல் சிபிசி தொலைக்காட்சிப் போட்டியில் 'கனடாவின் அதிபுத்திசாலி' பட்டம் வென்றவர். வின்னிப்பெக்கின் ஸ்டான்லி பிரையன்ட் அந்த லைன்மன் விருதை நான்கு தரம் வாங்கினார், நான்காவது தரம் 2022இல், 36 வயதில். ஓடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வயதுவரை நிற்கிறார்கள்?

லீக்கின் மேற்குப் பகுதியின் சிறந்த லைன்மனுக்குக் கொடுக்கிற கிண்ணத்துக்கு டிமார்கோ, பெக்கெட் என்ற இரண்டு ரஃப்ரைடர்ஸ் வீரர்களின் பெயர். 1956 டிசம்பர் 9ஆம் தேதி, வன்கூவரில் நட்சத்திர ஆட்டம் முடிந்து திரும்பும்போது அவர்கள் வந்த விமானம் ஸ்லெஸ் மலையில் மோதியது. அதில் இருந்த 62 பேரும் இறந்துபோனார்கள்.

இன்னொன்று, பெற்றோருக்கு. ஒவ்வொரு அணியும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக் கனடியர்களைக் களத்தில் இறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பந்தை எறிகிற குவாட்டர்பேக் பெரும்பாலும் அமெரிக்கர். ஆகவே அணிகள் கனடியப் பெடியங்களைத் தேடுகிற முதல் இடங்களில் ஒன்று இந்த லைன். ஆனால் காசுக்காக அனுப்பாதீர்கள். புதிய ஆளுக்கு வருடத்துக்கு 70,000 டொலர் அளவில் கிடைக்கும், ரொறன்ரோவில் வீடு வாங்க அது காணாது. குளிர்காலத்தில் வேறு வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். முழங்காலையும் யோசியுங்கள். நானும் என் மகனை அடுத்த படிக்குப் போகச் சொல்லித் தள்ளவில்லை. அவன் கேட்டிருந்தால் தடுத்திருப்பேனா தெரியாது.

வரும் ஜூனில் ஆட்டங்கள் தொடங்கும்போது ஒரேயொரு ஆட்டத்துக்காவது அந்த ஐந்து பெயரையும் போடுங்கள்: இடது டக்கிள், இடது கார்ட், சென்டர், வலது கார்ட், வலது டக்கிள் என்று நிற்கிற வரிசையிலேயே. இடம் காணாவிட்டால் உதைத்தவரை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ரெஜைனா வாசகி