பனிக்காலம் தாண்டிவிட்டோம்: கோத்தகிரி ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்து வெயிலில் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. கம்பளிகளை உதறிக் கொடியில் போட்டாயிற்று. பனிக்காலம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் கோத்தகிரியிலேயே இருந்தோம் என்று சொன்னால் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் இன்னும் நம்பவில்லை. "முதல் பனிக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கிடுவீங்க" என்று பந்தயம் கட்டியவர்கள் அவர்கள். இறங்காமல் இருந்ததில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. யாரால் இருக்க முடிந்தது என்று எனக்குத் தெரியும். நேரில் சொல்ல வந்தால் "இதுக்கெல்லாமா டீச்சர் நன்றி சொல்லுவாங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுதிவிட்டால் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதற்காகத்தான் இந்த மடல். பெயர் போட்டால் விட்டுப்போனவர்கள் மனம் நோகும் என்பதால் யார் பெயரும் போடவில்லை. படிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

எங்களை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. இவர் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போன பிறகு, சென்னை வெயில் போதும் என்று இங்கே ஒரு சின்ன வீடு வாங்கி வந்தோம். வீட்டைக் காட்டிய தரகர், "வருஷம் பூரா ஒரே சீதோஷ்ணம்மா, ஃபேனே வேண்டாம்" என்றார். ஃபேன் வேண்டாம் என்பது உண்மை. மற்றதைத் தெரிந்துகொள்ள ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போகட்டும், அவருக்கும் ஒரு நன்றி. அவர் முழு உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருக்கவே மாட்டோம்.

இங்கே குளிர்காலம் மழையோடுதான் ஆரம்பிக்கிறது. நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் கோத்தகிரிக்குப் பெரிய மழை. மழை வலுத்துவிட்டால் பெரியவர்கள் 2009 நவம்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைக் கேட்ட பிறகு ராத்திரி மழைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. இந்த வருஷமும் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது, மரம் விழுந்தது. விடிவதற்குள் ஜேசிபியோடு வந்து மண்ணை அள்ளிய நெடுஞ்சாலைத் துறைத் தொழிலாளர்களை நான் நேரில் பார்த்ததில்லை. காலையில் பஸ் ஓடும், அவ்வளவுதான் தெரியும். எங்கள் தெருக் கம்பிமேல் சீகை மரம் சாய்ந்தபோது கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தம்பியை மட்டும் பார்த்தேன். டீ கொடுத்தால் "இறங்கிட்டு குடிக்கிறேன்" என்றவர், இறங்கியதும் அடுத்த கம்பத்துக்கு ஓடிவிட்டார். உங்களுக்கு ஒரு டீ பாக்கி இருக்கிறது தம்பி.

நவம்பர் வந்தால் இவருக்கு இன்னொரு கவலை. மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாக அந்த மாதம் சான்று கொடுக்க வேண்டும். வங்கி ஒன்றில் போய் வரிசையில் நின்றோம். விரல் ரேகை பதியவில்லை, வேறொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உயிரோடு எதிரே நிற்கிற மனிதரை இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்! தபால்காரரிடம் எதேச்சையாகச் சொன்னேன். மறுநாளே கருவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டார். அஞ்சல் துறை இந்தச் சான்றை வீட்டுக்கே வந்து எடுக்கிறது, 70 ரூபாய்தான் கட்டணம் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. அவருக்கும் முதலில் ரேகை விழவில்லை. "டீச்சர், ஒரு டீ போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். தான் குடிக்காமல் டம்ளரை இவர் கையில் கொடுத்து, "சார், குடிக்காதீங்க, பிடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க" என்றார். வயதானால் ரேகை தேய்ந்துபோகும், குளிரில் தோல் வறண்டு இன்னும் மோசமாகும், அதனால் விரலைச் சூடாக்கணுமாம். கொஞ்ச நேரம் கழித்து விரலைத் துணியால் துடைத்து வைத்தார். ஒரே தடவையில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த வருஷம் கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று எடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள்தான் வர வேண்டும் அண்ணா, முகமோ விரலோ பரவாயில்லை.

அப்புறம், மேல்வீட்டு அக்கா. அக்காவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

அக்கா இலங்கையில், பதுளையில் பிறந்தவர். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே திரும்பி வந்தன இல்லையா, அதில் சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். எங்கள் வீட்டில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்த்துச் சிரித்தது அவர்தான். உளுந்தோடு வெந்தயம் கொஞ்சம் கூட்டிப் போட்டு, ஒரு பிடி அவலும் ஊறவைத்து அரைத்து, கையாலேயே நன்றாகக் கலக்கி, தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, பழைய கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையில் சூடு ஆறாத மூலையில் வைக்கச் சொன்னார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே நின்றது. தயிர் உறைவதற்கும் அதே கம்பளிதான். தேங்காய் எண்ணெய் கல்லாகிப் போவதற்கு மட்டும் அவரிடமும் வைத்தியம் கிடையாது. "கரண்டியால தோண்டிக்குங்க" என்றார்.

குளிருக்குக் கங்கு வைக்க இரும்புச் சட்டி கொடுத்ததும் அக்காதான். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்: படுக்கப் போகும் முன் சட்டி வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும். கரி அடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அக்காவுக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாது, வேலை தெரியும். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே இருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், சட்டி?" "வெளியே அக்கா." அதற்கு அப்புறம்தான் அவர் வீட்டு விளக்கு அணையும்.

மார்கழியில் மழை விட்டு வானம் தெளிந்ததும் பனி விழ ஆரம்பித்தது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா, காந்தல் அளவுக்கு இங்கே கிடையாது என்கிறார்கள். ஆனாலும் பள்ளத்தில் இருக்கும் தேயிலை சில காலைகளில் வெளுத்துத்தான் கிடந்தது. கீழ்த் தோட்டத்துத் தாத்தா அறுத்து வைத்திருந்த தாகை என்ற காட்டுச் செடியைச் சாயங்காலமே இளஞ்செடிகள்மேல் பரப்பிவிடுவார். மூட முடியாமல் போன செடிகளுக்கு வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளிப்பார். பனி உட்கார்ந்த இலையில் வெயில் சுரீரென்று பட்டால் கருகிவிடும் என்று எனக்கு விளக்கினார். மிச்சமான தாகையை எங்கள் தக்காளிச் செடிகளுக்கும் போட்டுவிட்டுப் போனவர் அவர். படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி ஊருக்கு எங்களையும் கூட்டிப்போனார். வெள்ளை உடையில் மலைச் சாலை முழுக்க ஜனம். தாத்தாவின் மருமகள் எனக்கும் ஒரு வெள்ளைத் துணி போர்த்திவிட்டாள். அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்ட அவரைக்காய்க் குழம்பை நான் இன்னும் செய்து பார்க்கிறேன், அந்த ருசி வரவில்லை.

இனி அந்த ராத்திரி.

இவருக்கு வீசிங் பழைய கதைதான். ஆனால் அன்று இன்ஹேலர் கேட்கவில்லை. நடுராத்திரி தாண்டி, உதடு நிறம் மாறிப் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். 108க்குப் போன் செய்தேன். வண்டி மேலே சாலை வரைக்கும்தான் வரும். எங்கள் வீட்டுக்கு எழுபது படி இறங்க வேண்டும், பனியில் படிகள் வழுக்கும், முந்தின நாள்தான் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குக் கரடி வந்து போயிருந்தது. நான் கத்தியது ஒரே ஒரு "அக்கா!"தான். அதற்குள் மூன்று வீட்டு விளக்கு எரிந்தது.

நான்கு பையன்கள். ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான். இவரை அதில் உட்காரவைத்து, அக்கா தன் சேலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். படுக்கவைத்தால் மூச்சு இன்னும் முட்டும், உட்கார்ந்தபடியே தூக்குங்கள் என்று போனிலேயே 108 அம்மா சொல்லியிருந்தார். முன்னால் ஒரு பெரியவர் டார்ச்சோடு, கரடி ஒதுங்குவதற்குத் தட்டைத் தட்டிக்கொண்டே போனார். பையன்கள் ஒவ்வொரு படிக்கும் "வலது, இடது" என்று சொல்லிக்கொண்டு ஏறினார்கள். மூச்சு விட முடியாத அந்த நிலையிலும் இவர் "செருப்பு, செருப்பு" என்று கையைக் காட்டினார். ஒருவன் திரும்ப ஓடிவந்து செருப்பை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மேலே வண்டியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் இவர் என்னைப் பார்த்தார்.

அரசு மருத்துவமனையில் அன்று இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கும் நர்ஸுக்கும் நான் சரியாக நன்றி சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். அந்த நேரத்தில் ஷட்டரைத் திறந்து மாத்திரை எடுத்துக்கொடுத்துவிட்டு "பணம் காலையில பாத்துக்கலாம்" என்ற மருந்துக் கடைக்காரருக்கும்தான். நான்கு பையன்களில் ஒருவன் விடியற்காலை நாலு மணிக்குக் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகவேண்டியவன். தூங்காமலே போயிருக்கிறான். எனக்கு இது பத்து நாள் கழித்து, அவன் அம்மா வேறு எதையோ பேசும்போது தெரிந்தது.

இன்னும் பலர் இருக்கிறார்கள். எழுபது படியிலும் தோளில் சிலிண்டரோடு இறங்கிவரும் கேஸ் அண்ணன். வாசலில் வைத்த பாலை ஏழு மணிக்குள் எடுக்காவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்கும் பால்காரத் தம்பி. பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, கூடவே இவரைச் சிகரெட்டுக்காகத் திட்டிவிட்டும் போகும் மக்களைத் தேடி மருத்துவம் செவிலியர். (சிகரெட்டை விட்டுவிட்டார். அந்த ராத்திரிக்கு அப்புறம்.) ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எங்கள் வீட்டு அடுப்பு எரியவே இல்லை, ஒவ்வொரு வேளையும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து சாப்பாடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

அதனால் ஒரு வேலை விஷயம். உங்கள் சாமான்கள் எங்கள் வீட்டில் நிறையத் தங்கிவிட்டன. அடியில் 'செ' என்று எழுத்து வெட்டிய எவர்சில்வர் தூக்கு, மூடி மட்டும் இருக்கும் ஒரு டிபன் பாக்ஸ், பச்சைக் கோடு போட்ட கம்பளி, பேட்டரி தீர்ந்த டார்ச், நசுங்கிய ஒரு தட்டு. கரடிக்காகத் தட்டியது அதுவாகத்தான் இருக்கும். நீல நாற்காலி யாருடையது என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காலில் விரிசல் விட்டிருப்பதால் புதிதாக வாங்கித் தருவதாக இருக்கிறோம். பழையதைத் திருப்பித் தர இவருக்கு மனசில்லை, வெயில் காய அதில்தான் உட்காருகிறார். வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தால் டீயும் வர்க்கியும் உண்டு, இருட்டுவதற்குள் படியேறிவிடலாம்.

இப்படிக்கு,
எழுபது படி வீட்டு டீச்சரும் சாரும்
கோத்தகிரி