டெனிசோவனின் முகமும் பல்லில் ஒட்டிய காறையும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள குமரன்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. மகள் பேராதனைக்குத் தெரிவான செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

டெனிசோவன் என்ற அழிந்துபோன ஆதிமனித இனம் பற்றிக் கேட்டிருந்தீர். 2010இல் அவர்களை நமக்குக் காட்டியது, சைபீரியாவின் அல்தாய் மலைக் குகையில் கிடைத்த ஒரு சிறுவிரல் எலும்பு. மரபணு வந்தது, முகம் வரவில்லை. பப்புவா மக்களின் உடலில் அவர்கள் இரத்தம் இன்றும் ஓடுகிறது. திபெத்தியர் உயர்மலையில் வாழ உதவும் ஈபாஸ்1 மரபணு வடிவமும் அவர்கள் வழி வந்ததுதான். இருந்தும் ஆள் எப்படி இருந்தார் என்று 15 வருஷம் தெரியாமலே கிடந்தது.

2025 ஜூனில் அந்த முகம் தெரிந்தது. சீனாவின் ஹார்பின் மண்டையோடு: குறைந்தது 1,46,000 ஆண்டுப் பழமை, தடித்த புருவமேடு, மூளைக் கொள்ளளவு சுமார் 1,420 கன சென்ரிமீற்றர். 2021இல் அதற்கு ஹோமோ லோங்கி என்று தனிப்பெயரும் வைத்துவிட்டார்கள். அவசரப்பட்டார்கள் என்பது என் எண்ணம்.

சியாவோமெய் ஃபூ குழுவினர் பல்லிலும் காதெலும்பிலும் டீ.என்.ஏ தேடி ஒன்றும் காணவில்லை. பிறகு பல்லில் ஒட்டியிருந்த காறையில் வெறும் 0.3 மில்லிகிராம் சுரண்டினார்கள். உமிழ்நீரின் சுண்ணாம்பு படைபடையாக இறுகும்போது உயிரணுக்களையும் உள்ளே பூட்டிவிடும். அங்கே இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டீ.என்.ஏ இருந்தது. பழையதா, தொட்டவருடையதா என்று எப்படி அறிவது? பழைய துண்டுகளின் நுனியில் டீ.என்.ஏயின் எழுத்துகளில் ஒன்றான சைற்றோசின் சிதைந்து, வாசிக்கும்போது தைமின் என்ற வேறு எழுத்தாகத் தெரியும். அந்தச் சேதம்தான் சாட்சி.

ஆனால் இழைமணி தாய்வழியை மட்டுமே சொல்லும். டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு பெண்ணுக்குத் தாய் நியாண்டர்தால் என்ற இன்னொரு ஆதிமனித இனம், தகப்பன் டெனிசோவன் என்று 2018இல் தெரியவந்தது. இழைமணியை மட்டும் பார்த்திருந்தால் அவளை நியாண்டர்தால் என்றே எழுதியிருப்போம். அதனால்தான் ஹார்பினில் 95 புரதங்களையும் பார்த்தார்கள். இரண்டும் டெனிசோவன் பக்கமே காட்டின.

நமக்கு முக்கியமானது தாய்வான் நீரிணைக் கடலடியில் வலையில் சிக்கிய பெங்ஹு தாடை. வெப்பமான இடம், டீ.என்.ஏ எடுக்க முடியவில்லை. புரதம் மட்டும் அது டெனிசோவன் ஆண் என்று சொன்னது. நம் நாட்டுப் பாஹியன் குகையில் இதுவரை கிடைத்தவர்கள் நம் இனத்தாரே. ஆனாலும் நம் வெக்கையில் டீ.என்.ஏ போனாலும் பல் மிளிரிப் (எனாமல்) புரதம் நிற்கக்கூடும் என்ற நம்பிக்கையை அந்தத் தாடை தருகிறது.

ஆகவே அகழ்வில் இறங்கும் உம் மாணவர்களுக்கு உறுதியாகச் சொல்லும்: பல்லைக் கழுவக்கூடாது, தூரிகையால் தேய்க்கக்கூடாது, காறை அதோடு போய்விடும். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். உடைந்ததை விலங்குப் பசையால் ஒட்டினால் மாட்டுக் கொலாஜன் கலந்துவிடும். பிறகு எது எதனுடையது என்று பிரிப்பது பெரும்பாடு. நிழலில் மெல்லக் காயவிட்ட பிறகே அலுமினியத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு வையும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடிக்கடி வெளியே எடுக்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் நீர் வியர்க்கும். பல் கிடந்த இடத்து மண்ணிலும் ஒரு பிடி தனியாகக் கட்டி வையும்.

உம்மிடமுள்ள பழைய பெட்டிகளில் பசை பூசாத பற்கள் எத்தனை என்று எண்ணி எழுதும்.

அன்புடன்,
ராஜன்