வேலையை நிறுத்தியது யார்?

ஹைதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, குடோன் கட்டிக் கொடுக்கும் சின்னக் கான்ட்ராக்டர். இங்கே எங்களுக்கு ஆபீஸ் காகிதம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். இன்சூரன்ஸ் பாலிசி மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது ஒரு நெல் குடோன் வேலை பாதியில் இருந்தது. பின்பக்கம் மண்ணை வெட்டிவிட்டு, தாங்கு சுவர் நாலடி எழுப்பியிருந்தோம். கட்டும்போது வேலைக்கு வரும் சேதத்துக்கான 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' பாலிசி கையில் இருந்தது. பெயரிலேயே 'ஆல்' இருக்கிறதே என்று நம்பினேன்.

சித்தூர் தாலுகாவின் கிழக்கே மழை குறைவுதான். ஆனால் எங்கள் கரிசல் மண்ணுக்கு ஒரு நல்ல மழை போதும். தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். சுவரை ஜூனுக்கு முன்னால் முடித்து, பின்னால் கிராவல் போட்டு மூடியிருக்க வேண்டும். முடியவில்லை. ஜூன் மழையில் வெட்டிய மண் அப்படியே சரிந்து சுவரைத் தள்ளியது. வந்த சர்வேயர் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு கணு உள்ளே போனது.

க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. வேலை முழுவதுமாகவோ பகுதியாகவோ நின்றதால் உண்டான சேதம், நின்றதால் கூடிய சேதம், இரண்டுமே சேராதாம். நிறுத்தியது நானா என்று எழுதினேன். ஏப்ரல் 20 முதல் கிராமப்புறக் கட்டுமானத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டதே என்று பதில் வந்தது. காகிதத்தில் அது சரிதான். என் கொத்தனார்களும் சென்ட்ரிங் ஆட்களும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட். அங்கிருந்து கிளம்ப ஒரு பாஸ், இங்கே நுழைய இன்னொரு பாஸ், வந்தால் 14 நாள் தனிமை. தினமும் பைக்கில் வந்து போகிறவன் எந்தக் கணக்கில் வேலைக்கு வருவான்?

மூன்று மாத வருமானம் போனதற்கு நான் பணம் கேட்கவில்லை. லாப இழப்புப் பாலிசி எடுத்தவருக்கே தீ, வெள்ளம் என்று ஏதாவது பொருள் சேதம் நடந்தால்தான் பணம். வைரஸ் சுவரை இடிக்காது, எனக்கும் தெரியும். என் சுவரைத் தள்ளியது மழை.

அரசு ஒப்பந்தங்களில் கொரோனாவை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று நிதி அமைச்சகம் 2020 பிப்ரவரி 19லேயே எழுதியது. மே 13 அன்று, மத்திய அரசு வேலை எடுத்த கான்ட்ராக்டர்களுக்குச் செலவில்லாமல் ஆறு மாதம் வரை அவகாசம் என்றது. என்னுடையது தனியார் வேலை, அது எனக்கு வராது, போகட்டும். ஒப்பந்தக் கடிகாரத்தை நிறுத்தத் தெரிந்தவர்களுக்குப் பாலிசிக் கடிகாரம் கண்ணில் படவில்லையே! வேலை நின்ற நாளுக்கும் ப்ரீமியம் ஓடியது. தேதியை நீட்டக் கேட்டால் அதற்கும் தனி ப்ரீமியம்.

ஆளில்லாத சைட்டில் ஆபத்து அதிகம் என்று கம்பெனி சொல்வதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் தார்ப்பாய் மூடு, பம்பு வை, காவலுக்கு ஒருவரைப் போடு என்று முன்பே எழுதிக் கொடுக்கட்டும். அதைச் செய்தவனுக்கு, அரசு உத்தரவால் நின்ற நாட்களிலும் பாலிசி செல்லும் என்று நீங்கள் ஒரு வரி சேர்க்க வேண்டும். விதிவிலக்குகளைக் கையெழுத்துக்கு முன்பே தமிழிலோ மலையாளத்திலோ சொல்ல வைக்க வேண்டும். பேஸ்மென்ட் கடை என்று தெரிந்தே பாலிசி விற்றுவிட்டு, பிறகு பேஸ்மென்ட் சேராது என்ற கம்பெனியை டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் ஏற்கவில்லை. எல்லாரும் டில்லி வரை போக முடியுமா?

சுவரை என் கைக்காசில் திரும்பக் கட்டினேன். மிக்சர் மெஷினை விற்றுத்தான். இப்போது அடுத்த சைட்டுக்குப் பாலிசி எடுக்க வேண்டும். ஏஜென்ட் நீட்டிய தாளில் அதே வரி அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கான்ட்ராக்டர்