கோயில் பட்டமரத்தடிக்குக் காமிராவோடு வருகிறவர்களுக்கு

வாரக் கடைசியில் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கம் எங்கள் தோட்டத்துக்கு நீளவால் கிளியைப் படம் எடுக்க வரும் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

நீங்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆண் கிளியின் ரோஸ் நிறக் கன்னத்தையும் சிவப்பு அலகையும் எங்கள் லயத்துப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்த்ததே உங்கள் காமிராவில்தான். பெட்டைக்கு அலகு மங்கல் என்று இப்போது அவர்களே சொல்கிறார்கள்.

ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பட்டமரத்தில், பொந்தைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடியை யாரோ வெட்டிவிட்டார்கள். படத்துக்கு மறைக்கிறது என்றுதான் இருக்கும். ஏணி ஊன்றிய குழி இரண்டும் மண்ணில் அப்படியே இருந்தன. அன்று சாயங்காலம் பெட்டை மூன்று முறை வந்தது, மரத்தைச் சுற்றிக் கத்தியது, உள்ளே இறங்கவில்லை. மறுநாள் பத்து மணி வெயில் நேராகப் பொந்துக்குள் அடித்தது. நான்காம் நாள் ஒரு குஞ்சு வேரடியில் கிடந்தது. இறகு இன்னும் குருத்தாகத்தான் இருந்தது. எடுத்தபோது கையெல்லாம் எறும்பு.

இந்த நீளவால் கிளிக்குத் தானாக மரத்தைக் குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, உளுத்த மரத்து ஓட்டையோ கிடைத்தால்தான் குடும்பம். செம்பனைப் பழத்தைத் தின்னப் பழகிக்கொண்டது, அதனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குடியிருக்கத்தான் இடமில்லை. எங்கள் பக்கம் பட்டமரத்தை யார் நிற்க விடுகிறார்கள்? கோயில் மரம் என்பதால் இது தப்பியது.

சரி, எப்படி எடுப்பது? பாரிட்டுக்கு (தோட்டத்து வாய்க்காலுக்கு) இந்தப் பக்கமே உட்காருங்கள். காலை வெயில் உங்கள் முதுகில் விழும், 400 மில்லிமீட்டர் லென்ஸ் தாராளம். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் கிளி உங்களை மறந்துவிடும். கைப்பேசியில் கிளிச் சத்தம் போட்டுக் கூப்பிடாதீர்கள். வேறு கிளி பொந்தைப் பிடிக்க வந்துவிட்டதென்று நினைத்து அது குஞ்சை விட்டுவிட்டு அலையும். அப்புறம், இன்னொரு வகையான சின்னச் சிரிண்டிட் கிளி ராத்திரியில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கித் தூங்கும். அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் பிளாஷ் வேண்டாம்.

படத்தை இணையத்தில் போடும்போது தோட்டத்தின் பெயரையும் மரம் நிற்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் கிளி பிடிப்பது மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் குஞ்சு பிடித்து விற்கிறவர்களும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

போன வியாழக்கிழமை வேறொரு ஜோடி வந்து பொந்தை எட்டிப் பார்த்தது. இந்தச் சனிக்கிழமை வருகிறவர்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பூசாரி ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கே உட்கார வேண்டும் என்று அவரே காட்டுவார்.