பொறுப்பு வைத்தியர் கிளினிக்கையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கின் அரச ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நிர்வாகப் பொறுப்புக்கு வரும் வைத்தியர்கள் நோயாளரைப் பார்ப்பதை அடியோடு விட்டுவிடுவது எனக்குப் பெரிய கவலை.

நான் வேலை செய்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பொறுப்பாக இருந்த டொக்டர், கிழமையில் இரண்டு நாள் நீரிழிவு கிளினிக்கில் தானே இருப்பார். ஒருநாள், இன்சுலின் போடுகிற ஒரு அம்மா வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்து, இரத்தம் எடுக்கும் வரிசையிலேயே வேர்த்து, கை நடுங்கிச் சரிந்துவிட்டார். டொக்டர்தான் ஓடிவந்து சீனித் தண்ணீர் பருக்கினார். "9 மணியாகியும் ஏன் இரத்தம் எடுக்கவில்லை?" என்று கேட்டார். எப்பவும் அப்படித்தான் என்றோம். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த கிழமையே 6.30 மணிக்கு இரத்தம் எடுக்கத் தொடங்கினோம். அதற்கான மேலதிக நேரக் கொடுப்பனவையும் அவரே ஒழுங்குபடுத்தினார்.

அவர் மாற்றலாகிப் போனபின் வந்தவரும் நேர்மையான மனிதர். ஆனால் காலை முதல் மாலை வரை கந்தோர், கூட்டம், கோப்பு. ஆள் பற்றாக்குறையில் இரத்தம் எடுப்பது மறுபடி 9 மணிக்குப் போய்விட்டது. சொன்னோம், கடிதமும் கொடுத்தோம். அது மற்றக் கடிதங்களோடு கிடந்தது. வரிசையில் நிற்கிற முகங்களை அவர் பார்க்கவில்லையே.

வேலைப்பளு எனக்குத் தெரியாததல்ல. 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டின்போது பொறுப்பில் இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கண்டவள் நான். ஆனாலும் எங்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடப் பேராசிரியர்கள் படிப்பித்துக்கொண்டே பெரியாஸ்பத்திரி வாட்டில் நோயாளரையும் பார்க்கிறார்கள். நான் இருக்கும் மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆஸ்பத்திரியை நடத்தி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 60 பேருக்கு மேல் வைத்தியம் படிப்பித்து, நோயாளரையும் தானே பார்த்தார்.

கனகாலம் பார்க்காததால் கை விட்டுப்போயிருக்கும் என்று தயங்குபவர்கள், முதலில் விசேட வைத்திய நிபுணரோடு கூட இருந்து பார்க்கலாம். நான் கேட்பது கிழமையில் ஒரேயொரு காலை. மாகாண சுகாதார அமைச்சு அதைக் கடமைப் பட்டியலில் எழுதி, அந்த நேரத்தில் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
மானிப்பாய்.