அந்த வரியை எடுக்கச் சொன்னது நான்தான், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

செப்டம்பர் 25 கச்சேரிக்கு நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. மண்டிச் சுவரிலேயே ஒன்று ஒட்டச் சொல்லியிருந்தேன், பார்த்திருப்பாய். எஸ்.பி.பி. பாராட்டிய பாடகி என்று என் பெயருக்குக் கீழே எப்போதும் வருகிற வரி இந்தத் தடவை இல்லை. பிரஸ்காரர்தான் விட்டுவிட்டார் என்று அவரிடம் சண்டைக்குப் போனாயாம். அவர்மேல் தப்பில்லை. எடுக்கச் சொன்னது நான்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் மெல்லிசைக் குழு ஆட்கள் படிப்பார்கள், சித்தப்பா வீட்டில் படிப்பார்கள், அண்ணி கட்டாயம் படிப்பாங்க. அவர்களுக்காகச் சிலதை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எதை விட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அந்த ராத்திரியை நீ மேடையில் எப்படியெல்லாமோ சொல்லியிருக்கிறாய். நான் என் வாயால் சொன்னதே இல்லை. பக்கத்தில் நின்று தலையை ஆட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்கு நான் சொல்கிறேன்.

பர்கூர்ப் பக்கம் பண்டிகைக் கச்சேரி முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மாசிப் பனி. எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நீ கூட இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில்தான் அப்பா அனுப்பியிருந்தார். கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால், நான்குவழிச் சாலை போட மண் கொட்டி வைத்திருந்த இடத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள். ஓரமாக ஒரு கார் நின்றிருந்தது. சால்வை போர்த்திய ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். தபேலா அண்ணன் சட்டென்று திரும்பினார். முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. அந்தக் குரலை அடையாளம் காண நம் ஆட்களுக்கு முகம் எதற்கு? சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரைக்கும் அந்தக் குரலைத்தானே நீ பாடிக்கொண்டிருந்தாய்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம். நம் ஊர் ரோட்டோரத்தில், கையில் கண்ணாடி டம்ளரோடு.

சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் நம் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று நமக்குத் தெரியாதா என்ன. ஆனால் தாண்டிப் போவார்கள் என்றுதான் தெரியும். நின்று டீ குடிப்பார்கள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஆக்டோபேட் வாசிக்கிற பையன் கையெழுத்து வாங்கப் பேப்பர் தேடினான். தேடினானே தவிர பக்கத்தில் போக அவனுக்குக் கால் வரவில்லை. யாருக்குமே வரவில்லை.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் விரல் ஜில்லென்று இருந்தது. துணைக்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாய், நீ பாடப்போகிறாய் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? காவேரிப்பட்டணத்தில், மத்தூரில், ஊத்தங்கரையில் உன்னை "நம்ம ஊர் எஸ்பிபி" என்றுதானே மைக்கில் கூப்பிடுவார்கள்.

"சார், இது என் தங்கச்சி. நல்லாப் பாடுவா" என்றாய். என்னைப் பார்த்து, "ஆசையக் காத்துல பாடு பாப்பா" என்றாய்.

ஏன் அந்தப் பாட்டு என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 'ஜானி' படத்துக்கு 1980இல் எஸ்.பி. சைலஜா பாடியது. அவருடைய தங்கச்சி. அவரிடம் பாடிக் காட்ட அவருடைய பாட்டில் ஒன்றைக்கூட நீ எடுக்கவில்லை. அவர் தங்கச்சி பாட்டை உன் தங்கச்சியிடம் கொடுத்தாய். அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தாயா, இல்லை ரொம்ப நாளாகவே மனசில் வைத்திருந்தாயா? இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

பாடினேன். சுருதிப்பெட்டி இல்லாமல் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். பல்லவி முடிந்ததும் என் தலையில் கை வைத்தார். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். நீ தலையை ஆட்டி, "கேசட்தான் சார். எல்லாம் உங்க கேசட்தான்" என்றாய். அவர் சிரித்தார். காரில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னாரா என்பதுகூட லாரிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்டது என்றாய். உன்னை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அடுத்த பண்டிகை சீசனில் அந்தப் பல்லவி முழுப்பாட்டாக மாறியது. மாங்கனி கண்காட்சி மேடையில், அவர் இன்னொரு பாட்டும் கேட்டார் என்று அறிவித்தாய். பிறகு ஒருநாள் பாலக்கோட்டில், அவர் சென்னைக்கே கூப்பிட்டார் என்றாய். கைதட்டல் விழுந்தது, அட்வான்ஸும் கூடியது. அந்தப் பணத்தில்தான் வீட்டுக்குக் கூரை மாற்றினோம் என்பதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதே.

"சென்னைக்குக் கூப்பிட்டாராமே, நீ ஏன் போகல?" இந்தக் கேள்விக்கு நீயா அண்ணா பதில் சொன்னாய்? கோயில் கமிட்டிக்காரர் கேட்பார், டீச்சர் கேட்பார், பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டிலும் கேட்டார்கள். அப்போது என்ன ஆனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை சொன்னேன், எனக்கே இஷ்டமில்லை என்று இன்னொரு தடவை சொன்னேன். வராத அழைப்புக்கு நான் போகாத காரணத்தை வாழ்நாள் முழுக்கத் தயார் செய்துகொண்டே இருந்தேன். நல்ல மனசோடு நீ என் தலையில் வைத்த கிரீடம்தான். ஆனால் கழுத்து வலித்தது எனக்கு.

நீ மேடையில் ஆந்திராவின் கூடூரில் நடந்த கதையையும் சொல்வாய். 1960களில் அங்கே நடந்த பாட்டுப் போட்டியில் மாணவனாக இருந்த எஸ்.பி.பி.க்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். விருந்தினராக வந்திருந்த எஸ். ஜானகி, இந்தப் பையனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும், இவன் சினிமாவில் பாட வேண்டும் என்றார். அதையும் நம் டீக்கடையையும் சேர்த்து, "அன்று ஜானகியம்மா, இன்று எஸ்பிபி" என்று நீ முடிக்கும்போது கூட்டம் எழுந்துவிடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும். கூடூரில் அந்தப் பையன் தானே மேடை ஏறித் தன் குரலில் பாடினான். அதனால்தான் ஜானகியம்மாவுக்குக் கேட்டது. நம் கதையில் கேட்கப்பட வேண்டிய குரல் எனக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது.

எனக்கு என் குரலின் அளவு தெரியும். மெல்லிசைக் குழுவுக்குப் போதும், பண்டிகைக்குப் போதும். அதில் எனக்குக் குறையும் இல்லை, வருத்தமும் இல்லை. உன் குரல் அப்படியா? ஓசூரில் பாடினால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டு கேட்டுச் சீட்டு வரும். கன்னடப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் நீ பாடியதைக் கேட்டு, கன்னடக்காரர்களே உன்னிடம் வந்து கன்னடத்தில் பேச ஆரம்பிப்பார்கள். நீ முழிப்பாய். அவருக்குத் தேசிய விருது ஆறு தடவை, தெலுங்கு, இந்தி, கன்னடம், தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது என்று நீ ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒரு குரல் எப்படி மொழிக்கு மொழி உச்சரிப்பை மாற்றிக்கொள்கிறது என்று ராத்திரி ராத்திரியாகக் கேசட்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தவன் நீ. எனக்குச் சொல்லிக் கொடுத்தது கேசட் இல்லை அண்ணா. நீ.

அப்படிப்பட்டவன் பாடுவதை நிறுத்தினாய். தொண்டை சரியில்லை என்றாய். சேலத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஆண் குரலுக்கு நிறுத்திவிட்டு, அறிவிப்பு மைக்கைப் பிடித்துக்கொண்டாய். தொண்டை சரியில்லாதவன் சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கும்போது மண்டியில் பாடுவானா? அங்கே கூலிக்கு வரும் ஆட்களே என்னிடம் சொல்கிறார்கள். மாங்காய்க் கூடைக்குக் கேட்கிற குரல் எனக்கு ஏன் கேட்கக் கூடாது? இதில் எனக்கு உன்மேல் கோபம்தான். இதை மென்று முழுங்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

2020 உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பண்டிகை இல்லை, கல்யாணம் இல்லை, கீபோர்டை விற்றோம். ஆகஸ்ட் 5ஆம் தேதி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து நீ தினமும் செய்தி பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புவாய். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மத்தியானம் செய்தி வந்தது. சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்தாய். மாஸ்க்கைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்தாய். காபி கொடுத்தேன், ஆறியது.

அப்போது நீ சொன்னதை எழுதலாமா என்று இரண்டு மனசாக இருந்தேன். எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

"நானும் பாடுவேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பாப்பா."

மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதும் எனக்குக் காதில் உன் வார்த்தைதான். அதற்குப் பிறகும் அந்த வரியை என் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டு நான் மேடை ஏறினால் எனக்குப் பாட்டு வருமா? உன் மனசைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள். நீ ஆசையாகச் செய்ததை ஊர் பார்க்கச் சுவரிலிருந்து எடுத்ததுபோல் உனக்கு இருக்கும். தனியாக உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்தான். நீ எங்கே உட்கார்ந்தாய்? எப்படியானாலும் அந்த வரி திரும்ப வராது.

அதே நோட்டீஸில் உன் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறேன் என்று பார்த்தாயா? அறிவிப்பாளர் என்று இல்லை. பாடகர்.

முதல் பாட்டு 'ஆயிரம் நிலவே வா' என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கதையும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'அடிமைப்பெண்' படத்துக்குப் பாட வேண்டிய நேரத்தில் அவர் டைபாய்டில் படுத்துவிட்டார். அப்போது அவர் புதுப் பையன், வேறு யாரையாவது வைத்து எளிதாக முடித்திருக்கலாம். எம்.ஜி.ஆர். காத்திருந்து, உடம்பு தேறிய பிறகு அவரையே பாட வைத்தார். 1969இல் அந்தக் குரல் ஊரெல்லாம் கேட்டது.

சுசீலாம்மா பாடியதை நான் பாடுகிறேன். ஆமாம், நான்தான். அண்ணன் தங்கச்சி மேடையில் டூயட் பாடக்கூடாது என்று அன்றைக்குச் சித்தப்பா போட்ட சத்தத்தில்தானே நாம் இரண்டு பேரும் சேர்ந்து பாடுவதே நின்றது. சித்தப்பா, நீங்களும் படிப்பீர்கள், அதனால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.பி.யும் சைலஜாவும் கூடப்பிறந்தவர்கள். சினிமாவில் சேர்ந்து டூயட் பாடியவர்கள். பாட்டு பாட்டுதான். உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, கீபோர்டுத் தம்பி சுருதி கேட்கிறான். பழைய சுருதியிலேயே எடுப்பாயா, அரைக்கட்டை இறக்க வேண்டுமா என்று அவனிடமே சொல்லிவிடு, என்னிடம் பேச வேண்டாம் என்றால். ரிகர்சல் ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளிச் சந்தையிலிருந்து தபேலா அண்ணன் திரும்பிய பிறகு, பழையபேட்டை வீட்டு மாடியில். உன் இடத்தில் சேலத்துக்காரரைப் பாட வைக்கமாட்டேன், அவரிடமும் சொல்லியாயிற்று. நீ வராவிட்டால் அந்தப் பாட்டு அன்றைக்குக் கிடையாது. ஏன் என்று ஜனங்கள் கேட்டால், உன் மண்டிக்கு வழி சொல்லி உன்னையே கேட்கச் சொல்லுவேன்.

உன்,
பாப்பா