பழைய பாடப்படங்களும் நம் சங்கமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொதுக்குழுவில் அறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் டீ குடிக்க வெளியே போய்விடுகிறீர்கள், அதனால் இந்த முறை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன். தியேட்டரில் நியூஸ் ரீல் ஓடும்போது செய்த அதே வேலைதான், பழக்கம் விடவில்லை.

மாதக் கடைசி சனிக்கிழமைத் திரையிடல் மழைக்காலம் தவிர ஒழுங்காக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை, அவரவருக்கே தெரியும்.

இந்த வருடம் பெரும்பாலும் பிலிம்ஸ் டிவிஷன் படங்களைத்தான் எடுத்துக்கொண்டோம். டாக்குமெண்டரியும் செய்திப்படமும் எடுக்க 1948-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. தியேட்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் அங்கீகரித்த டாக்குமெண்டரியோ செய்திப்படமோ ஒன்றை ஒவ்வொரு காட்சியிலும் ஓட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்ததால், தமிழ் உள்பட பல மொழிகளில் வர்ணனை போட்டு நாடு முழுக்க ரீல் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பள்ளிக்கூடத்துக்கும் கிராமத்துக்கும் அவையே 16 எம்.எம். அகலச் சின்ன பிலிமில் வரும். வகுப்பு ஜன்னல்களைச் சாத்தி, சந்து வழியாக வெயில் வராமல் சாக்கைக் கட்டி, சுவரில் வேட்டியைத் தொங்கவிட்டால் படம் ரெடி.

நம் ஆட்களில் பலர் வருவது படத்துக்காக இல்லை, அந்தக் குரலுக்காக. அணைக்கட்டிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வரும், வர்ணனையாளர் கனத்த குரலில் முன்னேற்றம் என்று ஆரம்பிப்பார், உடனே அரங்கில் சிரிப்பு. சிரிக்கட்டும், நானும்தான் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டுத் திரையை விட்டுவிடுகிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். பிரமோத் பதி, சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி எல்லாம் அந்த அலுவலகத்தில் இருந்துகொண்டோ அதற்காகவோ படம் எடுத்தவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் உயிருள்ள மனிதர்களையே பொம்மை மாதிரி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படமாக்கியவர் பதி. மேலதிகாரிகள் அதை எப்படி ஒப்புக்கொண்டார்களோ!

சாஸ்திரியின் ‘ஐ ஆம் 20’ போட்ட சாயங்காலத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1947-ல் சுதந்திரத்தோடு பிறந்தவர்களை 1967-ல் தேடிப் பிடித்து, இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டு எடுத்த படம். நம்பிக்கையோடு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அலுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அரசுப் பணத்தில் எடுத்த படத்தில் இரண்டையும் விட்டு வைத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து அட்டெண்டன்ஸுக்காக வந்த பிள்ளைகள் முதலில் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு திரையாக அணைந்தது. முடிந்ததும் ஒரு பெண் கேட்டாள்: “சார், இவங்கெல்லாம் இப்ப எண்பதை நெருங்கியிருப்பாங்களே, யாராவது திரும்பப் போய்ப் பேசினாங்களா?” இந்த வருடம் நம் கூட்டங்களில் எழுந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அதிகக் கூட்டம் வந்தது ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’வுக்கு. 1974-ல் விஜயா முலே இயக்கியது, அனிமேஷன் பீம்சேன். தூர்தர்ஷனில் திரும்பத் திரும்பப் போட்டதால், ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாத நம் உறுப்பினர்களும் பாட்டை மெட்டு பிசகாமல் பாடினார்கள். வலையோடு பறக்கும் பறவைகளும் கயிற்றைக் கடிக்கும் எலிகளும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த கதைதானே, அர்த்தம் யாருக்குத் தேவைப்பட்டது.

புரொஜக்டர் விஷயம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர் ரீல் மாட்டுவதையே தனி நிகழ்ச்சியாக நடத்திக் காட்டினார். 1923-ல் 16 எம்.எம். வந்ததே சுலபத்தில் தீப்பற்றாத அசிடேட் பிலிமில்தான், அதனால்தான் வகுப்புக்குள் வைத்து ஓட்ட முடிந்தது. 400 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும், பாடப்படங்கள் பல பத்துப் பதினோரு நிமிடத்தில் முடிவதற்கு அதுவும் காரணம். அப்புறம் ஓடும் படத்தின் நடுவே, பிலிம் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் ஒலித்தடத்தின் மேல் விழும் சின்ன பல்பின் வெளிச்சத்தை ஒரு அட்டையால் மறைத்தார், வர்ணனை சட்டென்று நின்றது. அட்டையை எடுத்தார், வாக்கியத்தின் நடுவிலிருந்து பேச்சு வந்தது. பிள்ளைகள் விடவே இல்லை, “இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை சார்” என்று படத்தையே நாசம் பண்ணிவிட்டார்கள்.

யூடியூபில் இருக்கிறதே, எதற்கு மண்டப வாடகை என்று போன கூட்டத்தில் கேட்டவர்களுக்கு: நாம் போட்டதில் பெரும்பகுதி டிஜிட்டல்தான், எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. பிரிண்டை ஓட்ட ஓட்டத் தேயும். ஆனால் வீட்டில் தனியாக இதை முழுசாகப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள், வாடகையை நானே கட்டுகிறேன்.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. இதெல்லாம் அரசுப் பிரசாரம், இதற்கு என்ன ஏக்கம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். எமர்ஜென்சியில் இதே நிறுவனம் அரசுக்கு ஊதுகுழலாக இருந்தது உண்மை, அதை மறைத்துப் படம் போட வேண்டாம். அந்தக் காலப் படங்களையும் போட்டு, பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

வெளிநாட்டுப் படங்களுக்கு ஒரே ஒரு மாலைதான். அமெரிக்காவின் கரோனெட் நிறுவனம் 1949-ல் பள்ளிகளுக்காக எடுத்த, பெண்ணை வெளியே அழைத்துப் போவது எப்படி என்று பையனுக்குப் பாடம் நடத்தும் படத்தைப் போட்டோம். நம் அத்தைமார் சிரித்த சிரிப்பில் வசனம் கேட்கவில்லை. அங்கே பள்ளிகளும் கம்பெனிகளும் கழித்துப் போட்ட இந்த மாதிரிப் படங்களை ரிக் பிரெலிங்கர் 1980-களிலிருந்து சேர்த்தார், 2002-ல் அந்தத் தொகுப்பை அவர்களுடைய நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வாங்கிக்கொண்டது. இங்கே என்ன நடக்கிறது? பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் ஸ்டோர் ரூமில் ரீல்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு வண்டி பிடித்துப் போனோம். எடைக்குப் போட்டுவிட்டார்களாம். தகர டப்பா மூடிகள் மட்டும் மிச்சம், அதில் வாட்ச்மேன் கோழிக்குத் தவிடு வைத்திருந்தார். பிலிம்ஸ் டிவிஷனே 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யோடு சேர்க்கப்பட்டுவிட்டது, ஊர்ப் பள்ளியின் அலமாரியை யார் பார்க்கப் போகிறார்கள்.

எனவே அடுத்த வருடத்துக்கான வேலை இது. உங்கள் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பழைய தியேட்டர் ஆபரேட்டர் வீட்டிலோ ரீல் பெட்டி கண்ணில் பட்டால், விற்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நாற்றம் குப்பென்று அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், நல்ல ரீல்களோடு சேர்த்து வைக்காதீர்கள், அந்த ஆவி மற்றதையும் கெடுக்கும். வெயிலில் காய வைக்க வேண்டாம், ஆசைப்பட்டு புரொஜக்டரில் மாட்டவும் வேண்டாம், சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் கிழிந்துவிடும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், மற்றதை நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்